மூலம்

உள்ளே போகுமுன் முகம் கழுவ வேண்டும்.
பவுடர், மை, குங்குமம், திருநீறு கூடாதென்று
கதவில் நான்கு மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள்.
திருநீறு, தமிழில் மட்டும்.

பிறகு காற்றுக்குளியல்.
இருபது விநாடி
கைகளை உயர்த்திச் சுற்ற வேண்டும்.
எந்தச் சந்நிதியிலும் நான்
இத்தனை ஒழுங்காகச் சுற்றியதில்லை.

வெள்ளை அங்கி, முகமூடி, வெளியே கண்கள்.
மஞ்சள் விளக்கின் கீழ்
சுகைலாவும் பெங் சூவும் நானும் ஒரே ஆள்.
நடையை வைத்துத்தான் பெயர் சொல்ல முடியும்.

பாயான் லெப்பாசில் பதினாறு வருடம்.
துகள் எண்ணுவது வேலை.
மயிரிழையை இருநூறாகக் கிழித்ததில் ஒரு கீற்று
சிலிக்கன் தகட்டில் மலைபோல் உட்கார்ந்திருக்கும்.
தேடுவதற்குச் சம்பளம்.
எல்லாம் சரியாக நடந்தால்
எதுவும் கிடைக்கக்கூடாது.

வீட்டில் சாமி அலமாரி உண்டு.
இப்போது அதில் மோடம் இருக்கிறது,
பச்சை விளக்கு அணையாமல்.
பத்தொன்பது வயதில் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தேன்.
படியெல்லாம் சிந்திப் பாதிதான் போய்ச் சேர்ந்தது.
கேட்டது கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
கேட்க வந்ததை வழியில் மறந்துவிட்டேன்.
அவ்வளவுதான் முறிவு.
நம்பிக்கை போனவர்களின் கதையில்
யாராவது செத்திருப்பார்கள்.
என்னிடம் அப்படி யாரும் இல்லை.
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

சென்ற செவ்வாய் பாலத்தில் விபத்து.
கம்பெனி பஸ் வரவில்லை.
பிறையில், நிறுத்தத்துக்குப் பின்னால்,
தகரக்கூரை போட்ட ஒரு கோயில்.
மழைக்குத்தான் ஒதுங்கினேன்.
ஒதுங்கிய எல்லோரிடமும் பூசாரி தட்டை நீட்டினார்.
சாப்பாடு கொண்டுபோகும் மலாய்ப் பையன்
சிரித்துத் தலையசைத்தான்.
நான் எடுத்தேன்.
ஏனென்று தெரியவில்லை. தட்டு நீண்டது, விரல் போனது.
நெற்றி கொஞ்சம் குளிர்ந்தது.
வேலைக்குப் போய்க் கழுவினேன்,
சோப்புப் போட்டு, இரண்டு முறை.

வெள்ளியன்று பதினேழாம் தொகுதி தோற்றது.
ஆய்வகத்தின் தாள் வந்தது:
கால்சியம். பொட்டாசியம். கொஞ்சம் பாஸ்பரஸ்.
எரிந்த ஏதோ ஒன்று.

இஞ்சினியர் தன் சட்டைப்பையின் சிகரெட்டைத் தொட்டுப் பார்த்தான்.
பெங் சூ, கார் நிறுத்துமிடத்து டத்தோ மாடத்தில்
தான் கொளுத்திய ஊதுபத்தியை நினைத்துப் பயந்தாள்.
கடல் தாண்டி வரும் காட்டுப் புகை என்றாள் சுகைலா.
ஆளுக்கொரு நெருப்பு.
நான் வாய் திறக்கவில்லை.

நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தேன்.
கறுப்புக்குள் ஒரு புள்ளி.
கழுவியும் ஊதியும் மூடியும்
வந்துவிட்டிருந்தது.
அழுகை வரவில்லை, பக்தியும் வரவில்லை.
பழைய முகவரிக்கு வந்த கடிதத்தை
நமக்குத்தானா என்று
திருப்பித் திருப்பிப் பார்ப்போமே,
அப்படிப் பார்த்தேன்.

என்னுடையதென்று நிரூபிக்க முடியாது.
இல்லையென்றும்.

படிவத்தில் ஒரு கட்டம்: மூலம்.
தோல், நூல், கையுறை, இயந்திர எண்ணெய் என்று
பதினாறு வருடமாக நிரப்பி வருகிறேன்.
கருவறைக்குள் நிற்பதற்கும்
அந்தச் சொல்தான் என்பது
அன்று விடியற்காலை நாலு மணிக்குத்தான் தட்டியது.
பேனா நின்றது.

தெரியவில்லை என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து: கோமளவல்லி, இரவு ஷிப்ட்.
பொய்தான்.
எழுதி முடித்த பிறகு
பொய் போலவும் இல்லை.

தகட்டை நொறுக்கும் பெட்டியில் போட வேண்டும். விதி அது.
போட்டேன்.
சத்தம் சின்னது, அப்பளம் உடைவதுபோல.

வெளியே பெங் சூ டத்தோவுக்கு
ஆரஞ்சுப் பழம் வைத்துக்கொண்டிருந்தாள்,
ஊதுபத்தி இல்லாமல், மன்னிப்புக் கேட்கிற முகத்துடன்.
அவளிடம் சொல்லியிருக்கலாம்.

பாலத்தில் தண்ணீர் சாம்பல் நிறம்.
செவ்வாய்க்கிழமை பஸ்
நேரத்துக்கு வரும்.
வராமலும் போகலாம்.